பால் பொங்க வேண்டிய அடுப்பு

செல்வி, கார்த்தி,

போன வாரம் ஒரு கரண்ட் அடுப்பு நம் கடைக்கு இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் தடவை வந்தபோது ஒரு பக்கம் சூடாகவில்லை என்றார்கள். கார்த்தி புது பர்னர் மாட்டிக் கொடுத்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே பக்கம் மறுபடி செத்துப்போய் மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. "நீ வாங்குன பர்னரு மட்டம்" என்று செல்வி சொன்னாள். "வோல்டேஜ் ஏறி இறங்குனா நான் என்ன செய்ய" என்று கார்த்தி சொன்னான். அப்புறம் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பதில் தெரியாமல் போகவில்லை. அந்த இடத்தில் வாயைத் திறந்தால் ஒருத்தர் ஜெயித்ததாகவும் ஒருத்தர் தோற்றதாகவும் ஆகிவிடும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்துகிற கடைக்குள் அது வேண்டாம். எழுதிக் கொடுத்தால் சண்டை போடாமல் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் செல்வி திருத்திக்கொள். சங்கதியில் தப்பு இருக்காது.

எதைக் கழற்றுவது, எதை மாட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். ஐ.டி.ஐ.யில் முறையாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு பொருள் ஏன் கெட்டது என்று எங்கே பார்ப்பது, பார்த்ததை யாரிடம் எப்போது சொல்வது, சுற்றி நின்று ஊரே அவசரப்படுத்தும்போது கையை எப்படி அடக்கிவைப்பது என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது. அதற்குப் பாளையம்பட்டியில் நடந்த ஒரு பால் காய்ச்சு போதும்.

கடையை உங்களிடம் விடுவதற்கு முந்தின வருஷம். வைகாசி முகூர்த்த நாள். காலையில் கடையைத் திறந்து பத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறேன், மாரிமுத்து பைக்கில் வந்து நின்றான். லாரியில் லோடு அடிக்கிறவன், நமக்குப் பழைய வாடிக்கை. பட்டு வேட்டி கட்டியிருந்தான். காலில் செருப்பு இல்லை.

"அண்ணாச்சி, பையை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க."

"என்னப்பா, யாருக்கு என்ன?"

"ஆளுகளுக்கு ஒண்ணுமில்ல. அடுப்புக்குத்தான். இன்னிக்குப் புதுவீட்டுல பால் காச்சுறோம். அடுப்பு சூடாக மாட்டேங்குது."

"கேஸா?"

"கரண்டு. நல்ல நேரம் ஓடிக்கிட்டிருக்கு அண்ணாச்சி. போகப் போகப் பேசிக்கிருவோம்."

வண்டியில் போகும்போது அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஓர் அடுப்புக்காக அத்தனை பேர் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று புரியாது.

அவனுடைய அம்மா வேலம்மாள் பரளச்சிக்காரர். காலமெல்லாம் மிளகாய்க் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலிக்குப் போனவர். மகன் தலையெடுத்துப் பாளையம்பட்டியில் வாடகைக்கு வந்து, அதே தெருவில் சொந்த வீடும் கட்டிவிட்டான். மருமகள் சத்யா வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஊர் நரிக்குடி பக்கம். அவளுடைய அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன், தங்கச்சிக்குச் சீராக அங்கிருந்து ஓர் அடுப்பை வாங்கி அனுப்பியிருந்தான். இரண்டு பர்னர். சுருள் சுருளாகக் குழாய் மாதிரி இருக்குமே, கால்கள் இரண்டையும் சொருகினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கையோடு வந்துவிடும், அந்த ரகம். புதுவீட்டில் முதல் பால் தன் தங்கச்சி அடுப்பில்தான் பொங்க வேண்டும் என்று அவன் போனில் சொல்லியிருந்தான். மாரிமுத்துவும் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிவைத்துவிட்டான்.

"செங்கல்லு வச்சு விறகுல காச்சிற வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"புது டைல்ஸு அண்ணாச்சி. கரியாகிப் போகும்."

"இண்டக்சன் அடுப்பு?"

"பித்தளைப் பானை அதுல காய மாட்டேங்குது."

"கேஸு இருக்கும்ல?"

"இருக்கு. அதுல வச்சா, பொண்ணு வீட்டுச் சீரு விளங்கலைன்னு பேச்சாயிரும். சத்யாவோட அப்பா அம்மா வந்து உக்காந்திருக்காக. எங்க பெரியத்தை வேற வந்திருக்கு."

"பெரியத்தை வந்தா என்ன?"

"வந்து பாருங்க."

வாசலில் கால் வைக்கும்போதே பார்த்துவிட்டேன். அவனுடைய அப்பா கூடப் பிறந்த அக்கா. சமையல்கட்டு நிலைக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அடுப்பும் தெரியும், ஹாலில் உட்கார்ந்திருக்கிற பெண் வீட்டாரும் தெரிவார்கள்.

"வாங்க வாங்க. புதுவீட்டுக்கு மொத விருந்தாளி மெக்கானிக்கு" என்றார் என்னைப் பார்த்து. அப்புறம் பொதுவாகச் சொல்வது போல, "வெளிநாட்டு அடுப்புக்கு நம்ம ஊரு மாட்டுப் பாலு பிடிக்கலையோ என்னமோ. இல்ல, வந்த பிள்ளையோட ராசி அப்பிடியோ."

சத்யாவின் அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சத்யா சமையல்கட்டு மூலையில் நின்றாள். தலை நிறைய மல்லிகை, முகத்தில் ரத்தம் இல்லை. வேலம்மாள் மட்டும் தரையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார், தன் வீட்டு விசேஷம் இல்லை என்பது போல.

மேடை மேல் அடுப்பு. அதன் பெரிய பர்னரில் மஞ்சள் கொத்துக் கட்டின பித்தளைப் பானை. கழுத்துவரை பால். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பானையை இறக்கச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். சின்னப் பக்கம் சூடானது, பெரிய பக்கம் செத்திருந்தது. அந்தப் பானைக்குச் சின்ன பர்னர் காணாது. அகலமும் காணாது, சூடும் காணாது. நல்ல நேரம் முடிவதற்குள் அதில் பால் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் குனிந்து மோந்து பாருங்கள். கருகின வயருக்கு ஒரு வாசனை, கருகின எண்ணெய்க்கு ஒரு வாசனை. எது வழிந்தது என்று அடுப்பு தானே சொல்லும். அன்றைக்கு எனக்கு வந்தது தீய்ந்த பால்கோவா வாசனை. ஆனால் மாரிமுத்து வண்டியில் என்ன சொன்னான்? "பொட்டியப் பிரிச்சு ஒரு தடவகூடப் பத்த வைக்கல அண்ணாச்சி. மொதப் பாலுக்குன்னு அப்பிடியே வச்சிருந்தோம்."

பிளக்கைப் பிடுங்கினேன். பர்னரை இழுத்து எடுத்தேன். கால்கள் இரண்டும் அட்டைக் கருப்பு. அடியில் இருக்கிற தகரத் தட்டைத் தூக்கினேன். கண்மாய் வற்றினபின் கரம்பை மண் வெடித்துக் கிடக்குமே, அந்த மாதிரி பாலாடை காய்ந்து அடுக்கு அடுக்காகக் கிடந்தது. ஒரு நாளில் வழிந்ததல்ல. ஒன்று காய்ந்து அதன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. அந்தப் பால் பர்னர் கால் வழியாகவே ஓடி, கால் சொருகுகிற பீங்கான் கட்டைக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற கவ்வி கருகி, பிடி விட்டு, பொறி பறந்து, கடைசியில் ஒட்டாமலே போய்விட்டது.

நிமிர்ந்தேன். சத்யா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாமல் தலையை ஒரு தடவை ஆட்டினாள். வேண்டாம் என்று. நான் தகரத் தட்டைப் பழையபடி மூடிவிட்டேன்.

"என்ன தெரியுது?" என்று பின்னால் ஒரு குரல். பெரியத்தையின் வீட்டுக்காரர். கிணற்று மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர், அதனால் கரண்டு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் தான் பொறுப்பு என்று நினைக்கிறவர்.

"சூட்டுல கவ்வி விரிஞ்சு போச்சு. பிடிக்கல" என்றேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை.

"அம்புட்டுத்தானே. அந்தக் கட்டையக் கழட்டித் தூர வீசுங்க. வயரு ரெண்டையும் பர்னரு கால்ல நேரா முறுக்கி டேப்பச் சுத்திவிட்டாப் பொங்கப்போகுது. பால் பொங்குற வரைக்கும் தாங்காதா?"

தாங்கும், அல்லது தாங்காது. திருச்சுழியில் ஒரு டீக்கடையில் இந்தக் கைவேலையைப் பார்த்திருக்கிறேன். யாரோ முறுக்கிவிட்டுப் போன வயர் சூட்டில் குச்சி மாதிரி விறைத்து, டேப் உருகி, ஒரு நாள் ஒடிந்து அடுப்பு உடம்பில் சாய்ந்துவிட்டது. மாஸ்டர் கெட்டிலைத் தொட்ட மாத்திரத்தில் பின்னால் எகிறி வடைத் தட்டில் போய் உட்கார்ந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தார். இப்போதும் அவரைப் பார்த்தால் அந்த வடைகளைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். இங்கே தரை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அத்தனை பேரும் வெறுங்கால். பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"முறுக்கக் கூடாது மாமா" என்றேன்.

"ஏன் கூடாது? மோட்டாருக்கு நான் முறுக்கலையா?"

"மோட்டாரு தலையில யாரும் பால்பானை வைக்கிறதில்லையே."

ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றிருந்தது. உண்மையா என்று பார்ப்பவர் போல நான் பிடுங்கிப்போட்ட பிளக்கை எடுத்துச் சுவரில் சொருகப் போனார். அவர் கையிலிருந்து அதை வாங்கி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்புறம் வேலை முடிகிறவரை கட்டிப்போட்ட ஆடு மாதிரி அந்த வயர் எட்டுகிற தூரத்துக்குள்ளேயே நின்று வேலை பார்த்தேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். கூட்டம் இருக்கிற வீட்டில் பிளக் உங்கள் பைக்குள்தான் இருக்க வேண்டும். வேறு யாரையும் நம்பாதீர்கள். மாமாக்களை நம்பவே நம்பாதீர்கள்.

அதற்குள் பெரியத்தை அடுத்த கல்லை எறிந்தார். "புது அடுப்புல கவ்வி எப்பிடி விரியும்? அப்ப ஒங்கண்ணன் பழசத்தான் தொடச்சு அனுப்பிருக்காகன்னு சொல்லு, சத்யா."

இது சத்யாவுக்குப் பொறுக்கவில்லை. தன்னைச் சொன்னபோது பேசாமல் நின்றவள், அண்ணனைச் சொன்னதும் முன்னால் வந்துவிட்டாள். "இல்லத்தை, எங்கண்ணன் மேல ஒண்ணுமில்ல, நான்தான் வந்து..."

"ஏத்தா, இங்க வந்து செல்லு லைட்ட அடி" என்றேன் நான் உரக்க. "உள்ள இருட்டா இருக்கு. எனக்குக் கண்ணு தெரியல."

கண் எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்று செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். மேடையில் குனிந்தபடி மெதுவாகக் கேட்டேன், "எத்தனை நாளா?"

"ஒரு வாரமா அண்ணாச்சி. அத்தை பஸ்ஸேறி ஊருக்கு வேலைக்குப் போன பிறகு, வாடகை வீட்டுல வச்சு."

"எதுக்கு?"

"எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாக்கத்தான். மொத நாளு மேக்க பொங்குச்சு. மறுநாளு தெக்க. இன்னிக்கு இத்தன பேருக்கு முன்னால தெக்க பொங்குனா என்ன சொல்லுவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பானையத் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தேன்."

"கெழக்க ஒரு தடவையாச்சும் பொங்குச்சா?"

"ஒரே ஒரு தடவ. அன்னிக்குப் பால்ல தண்ணி சாஸ்தி."

சிரிப்பை அடக்க நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. நல்ல ராசிக்காரி என்று பேர் வாங்க ஆசைப்பட்டு, பொங்குவதற்கு ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்து, பொங்க வேண்டிய அன்றைக்கு அடுப்பைக் கொன்றுவிட்டது அந்தப் பிள்ளை. இப்போது சொன்னால் இந்த வீட்டில் இனிமேல் நடக்கிற ஒவ்வொரு விசேஷத்திலும் பெரியத்தை அதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லாவிட்டால் பழி அண்ணன் தலையில். அவள் நின்ற இடம் அது.

"என்னத்தயும் யார்ட்டயும் சொல்லாத. முதல்ல அடுப்பு சூடாகட்டும்" என்றேன்.

புது பீங்கான் கட்டை என் பையில் இல்லை. டவுனுக்குப் போய்த் தேடி எடுத்துவர நேரமில்லை. ஆனால் அந்த மாதிரி அடுப்புகளில் சின்னப் பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் கட்டை ஒன்றேதான். சின்னப் பக்கத்தில் ஒரு சொட்டுப் பால்கூட விழுந்திருக்கவில்லை, கட்டை புதுசாகவே இருந்தது. அதைக் கழற்றிப் பெரிய பக்கத்துக்கு மாற்ற முடிவு செய்தேன். இரண்டு பக்கத்தையும் அரைகுறையாக வேலை செய்ய வைப்பதைவிட, ஒரு பக்கத்தைக் கொன்று ஒரு பக்கத்தை முழுசாகக் காப்பாற்றுவது மேல். ஒன்று மட்டும் உறுத்தியது. கால் புண்ணாகிப் போன பர்னரை நல்ல கட்டையில் சொருகினால் அந்தக் கட்டையும் போய்விடும். உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். கருப்பு போய் உலோகம் பளிச்சென்று வந்தது, பள்ளம் விழவில்லை. நல்லவேளை. பள்ளம் இருந்திருந்தால் கேஸ் அடுப்பை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன், யார் என்ன பேசினாலும்.

கருகின வயர் நுனியை நறுக்கி, அதில் சூடு தாங்குகிற லக், அதாவது உலோக முனை, வைத்து அழுத்தி, கட்டையை மாற்றி, பர்னரைச் சொருகினேன். நன்றாகக் கவ்விக்கொண்டது. பிளக்கைப் பையிலிருந்து எடுத்துச் சொருகிச் சுவிட்ச்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சுருளின் நடுவில் மெல்ல ஒரு சிவப்பு வந்தது. ஹாலில் யாரோ அவசரப்பட்டுக் குலவை போட்டுவிட்டார்கள். பானையைத் தூக்கி வைத்தார்கள்.

எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். எனக்கு அப்போதுதான் அடுத்த கவலை தொடங்கியது. இந்தப் பால் பொங்கும். பொங்கி வழிந்தால் வீட்டில் மிச்சமிருக்கிற அந்த ஒரே நல்ல கட்டைக்குள்தான் இறங்கும். இறங்குகிற நேரத்தில் கரண்டும் ஓடிக்கொண்டிருக்கும், பானையைச் சுற்றிப் பத்துப் பேர் கையும் நீட்டிக்கொண்டிருக்கும். பால் காய்ச்சு வீட்டில் நின்றுகொண்டு பால் பொங்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? யாரிடம் சொல்வது? மாரிமுத்துவிடம் சொன்னால் பதறுவான். மாமாவிடம் சொன்னால் வாதாடுவார். பெரியத்தையிடம் சொல்வதற்கு நான் வீட்டுக்கே போயிருக்கலாம்.

வேலம்மாள் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். "அக்கா, ஒங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். பாலு அடுப்பு மேல வழியக் கூடாது. வழிஞ்சா..."

"வழிஞ்சா கெட்டுப் போகும். ஏற்கெனவே அப்பிடித்தானே கெட்டுச்சு" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெருவுல இருக்குற பூனை அம்புட்டும் ஒரு வாரமா எங்க வாசல்ல பஞ்சாயத்துக் கூடுது தம்பி. நான் வேலைக்குப் போயிட்டு வாரேன், வீடெல்லாம் பால் வாடை. இந்தப் பிள்ளை பால் குடிக்கிற பிள்ளையும் இல்ல. தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீக?"

"என்னத்தப் பேச? அதுக்குப் பயம்னா எனக்கும் அதே பயந்தான். எந்தப் பக்கம் பொங்குதுன்னு நானும் தெரிஞ்சுக்கிறணும்ல."

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சுச்சா?"

"அதான் அடுப்பக் கழுவாம வச்சிருந்துச்சே, பாத்தேன். ஒரு பக்கமும் மிச்சமில்ல." வெற்றிலையை வாய்க்குள் வைத்துக்கொண்டு முழங்காலில் கையூன்றி எழுந்தார். "பானை அதுவாப் பொங்குனா இப்பிடித்தான். நாமதான் பொங்க வைக்கணும்."

பால் விளிம்பு ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்திருந்தது. எல்லோரும் எழுந்து சமையல்கட்டுக்குள் நெருக்கினார்கள். பெரியத்தை நாற்காலியை விட்டு எழுந்து கழுத்தை நீட்டினார். வேலம்மாள் இரண்டு துணியைத் தண்ணீர் படாமல் மடித்து ஒன்றைச் சத்யா கையில் கொடுத்தார்.

"தாம்பாளத்த எடுத்து மேடையில கெழக்க வையி."

சத்யா வைத்தாள்.

"நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். நீ அந்தப் பக்கம் பிடி. நான் சொல்லும்போது தூக்கணும்."

"அத்தை, பொங்கட்டுமே, எதுக்குத் தூக்கணும்?"

"தூக்குனாத்தான் பொங்கும். சொன்னதச் செய்யி."

நுரை எழுந்தது. கழுத்தைத் தாண்டி விளிம்புக்கு வந்து ஒரு மூச்சு நின்றது. வேலம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவிட்ச்சை அணைத்தேன். "ம்" என்றார். மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அடுப்பை விட்டுத் தூக்கினால் நுரை அடங்கிவிடும், நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அடங்குவதற்குள் பானையைத் தாம்பாளத்துக்குக் கொண்டுபோய், வேலம்மாள் தன் பக்கத்தை ஒரு விரல்கடை உயர்த்தினார். பால் கிழக்குப் பக்கமாக, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு, தாம்பாளம் நிறைய இறங்கியது. அடுப்பில் ஒரு சொட்டு விழவில்லை.

பெரியத்தைதான் முதலில் பேசினார்.

"இதென்ன வேலம்மா கூத்து? பாலு அடுப்புல பொங்கணும். நீங்க தூக்கிவச்சுப் பொங்க விடுறீக?"

"அடுப்பு எம் மருமக வீட்டுச் சீரு. புதுசு. அது மேல பாலக் கொட்டிக் கெடுக்கச் சொல்றீகளா?" என்றார் வேலம்மாள். "கெழக்க பொங்குச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

பெரியத்தை தாம்பாளத்தைப் பார்த்தார். சூரியன் வருகிற ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்லவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனசில்லை.

"பொங்குச்சு" என்றார்.

"அப்பக் குலவையப் போடுங்க. வயசுல மூத்தவுக நீங்கதான்."

பெரியத்தைக்குக் குலவை நன்றாகவே வரும். தெருக்கோடிவரை கேட்டது. சத்யா அப்போதுதான் சிரித்தாள். கையில் இன்னும் அந்தத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மூடிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நான் ஒன்று சொன்னேன். "அடுப்பு நல்ல அடுப்பு. கவ்வி ஒண்ணுதான் விரிஞ்சிருந்துச்சு, எந்தக் கம்பெனிப் பொருளுக்கும் அது வரும். அனுப்புனவுக மேல குத்தம் இல்ல." அது அண்ணனுக்காக. வாசலில் வழியனுப்ப வந்த சத்யாவிடம் மெதுவாக இன்னொன்று சொன்னேன். "ரெண்டு பக்கத்துக்கும் புதுக் கட்டை வாங்கி வந்து மாட்டிக் குடுக்கேன். பால் காச்சும்போது மட்டும் பக்கத்துலயே நில்லு. பூனைகள வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

"பூனையா? எந்தப் பூனை அண்ணாச்சி?" என்றாள்.

அவளுக்கு இன்னும் தெரியாது. வேலம்மாள் நிலைக்கு உள்ளே நின்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் பைக்கில் ஏறிவிட்டேன். அதை எப்போது சொல்வது என்பது அந்த வீட்டு விஷயம், மெக்கானிக் விஷயம் இல்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று நான் கணக்குப் போட்டுத் தரவில்லை. படித்தவர்கள், உங்களுக்கே தெரியும். ஆனால் கடையில் இருக்கிற அடுப்பைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கார்த்தி, பர்னர் மட்டம் இல்லை. செல்வி, அவன் சொன்ன வோல்டேஜிலும் குற்றம் இல்லை. பர்னரை மாற்றினான், கட்டையைப் பார்க்கவில்லை. பிடி விட்ட கட்டையில் எத்தனை புது பர்னரைச் சொருகினாலும் கருகத்தான் செய்யும். தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஏன் பிடி விட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை அந்த அடுப்பைக் கொண்டுவந்த அக்கா தன் மாமியாரோடு வரும்போது சொல்லாதீர்கள். தனியாக வரும்போது சொல்லுங்கள்.

நான் டீ குடிக்கப் போவதற்கு முன்னாலேயே குனிந்து மோந்துவிட்டுத்தான் போனேன். ரசம்.